நெகட்டிவ் ஆரிட்ட இருக்கு?



போன எபிசோட்ல ஏஐ செய்யிற படங்களைப் பற்றிக் கதைச்சம். அதுக்கு வந்த மெயில்களில ஒண்டு, பாத்த உடனே எபிசோடுக்குச் சம்பந்தமில்லாத மாதிரித்தான் இருந்தது. ஆனா ஒரு கிழமையா என்ர மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருக்கிறது அதுதான். ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா: "அண்ணா, இங்க ஒரு அனிமே கன்வென்ஷன்ல ஜப்பானில இருந்து வந்த ஐடல் ஒராளோட நிண்டு செக்கி எடுத்தன். 20 ஈரோ. 'ஆரெண்டே தெரியாத பிள்ளையோட படம் எடுக்கக் காசோ, உனக்கென்ன விசரோ' எண்டு அம்மா பேசுறா. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

விசர் இல்லை எண்டுதான் நினைக்கிறன். காசு குடுத்ததில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நான் கேக்க நினைக்கிற கேள்வி வேற: எந்தக் கமராவில எடுத்தவை?

ஏன் அப்பிடிக் கேக்கிறன் எண்டு சொல்ல முதல், செக்கி எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம்.

1998இல் ஃபுஜிஃபில்ம் நிறுவனம் ஜப்பானில் இன்ஸ்டாக்ஸ் மினி 10 என்ற கமராவை விற்பனைக்கு விட்டது. அமத்தினால் உடனே படம் வெளியே வரும். அதுக்கு அங்கே வைத்த செல்லப்பெயர்தான் செக்கி. ஆங்கிலத்தில் 'செக் இட்' என்பதை ஜப்பானிய நாக்கால் சுருக்கிச் சொன்னது. 2002இல் வருடத்துக்குப் பத்து லட்சம் கமரா வித்தது. பிறகு எல்லாருடைய ஃபோனுக்குள்ளும் கமரா வந்தது, இரண்டு மூன்று வருடத்தில் விற்பனை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அத்தோட முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் நினைச்சிருப்பினம். ஆனால் 2018 நிதியாண்டில் அதே இன்ஸ்டாக்ஸ் ஒரு கோடியைத் தாண்டியது. டிஜிட்டல் வந்தா பழசெல்லாம் செத்துப்போகும் எண்டு சொல்லுற ஆக்களுக்குக் காட்ட எனக்குப் பிடிச்ச உதாரணம் இது.

ஐடல் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது ஏகேபி48 மாதிரிப் பெரிய குழுக்கள். 2005இல் டோக்கியோவின் அகிஹபாராவில் சொந்தத் தியேட்டரோடு தொடங்கினவை. சீடிக்குள்ளே கைகுலுக்கும் டிக்கெட் வைத்து வித்தவை. 2014 மே மாதம் இவாத்தே மாகாணத்தில் அப்படியொரு கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தால் தாக்கி இரண்டு பாடகிகளுக்கும் ஒரு ஊழியருக்கும் காயம். ரசிகரைக் கிட்ட விடுறது ஆபத்தில்லாத வேலை இல்லை எண்டது அண்டைக்கு எல்லாருக்கும் விளங்கினது.

செக்கி அதைவிடச் சின்ன உலகத்தின் சாமான். 'சிக்கா ஐடல்', அதாவது நிலத்தடி ஐடல் என்று சொல்லுறவை, சின்னச் சின்ன இடங்களில் கொஞ்சப் பேருக்கு முன்னால் ஆடிப் பாடுவினம். டிக்கெட் காசில் ஒன்றும் மிஞ்சாது. ஆடி முடிந்த பிறகு 'டொகுதென்காய்' (எங்கட தேங்காய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லை) எண்டு ஒண்டு நடக்கும். டிக்கெட் வாங்கி, லைனில் நின்று, விருப்பமான ஐடலோட ஒரு செக்கி. அவ அதிலே உங்கட பேரையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வைப்பா. அந்த நேரம் கதைக்கலாம். நேரம் முடிய, பக்கத்தில் நிக்கிற ஊழியர் தோளில் தட்டி அனுப்புவார். அவருக்கு 'ஹகாஷி' எண்டு பேர். உரிக்கிறவர் எண்டு அர்த்தம், ஒட்டின ஸ்டிக்கரை உரிக்கிற மாதிரி. ஜப்பானில் ஒரு செக்கி பொதுவாக ஆயிரத்தில இருந்து இரண்டாயிரம் யென் வரை. சின்னக் குழுக்கள் வாழுறதே பெரும்பாலும் இந்தக் காசிலதான்.

ஜேர்மனிக்கு இது கன்வென்ஷன்களோட வந்தது. டுசல்டோர்ஃபில டோகோமி 2009இல தொடங்கினது. கொன்னிச்சி முதல் காசலில, இப்ப வீஸ்பாடனில. அனிமாஜிக் கோப்லென்ஸ், பொன் எல்லாம் சுத்தி இப்ப மன்ஹைமில. டுசல்டோர்ஃப் ஜப்பானியர் பெருவாரியா வாழுற நகரம். இம்மர்மன்ஸ்ட்ராஸவில ராமென் சாப்பிடாத என்.ஆர்.வேத் தமிழ்ப் பொடியள் இருக்கினமோ தெரியேல்லை.

போன வருசம் நானும் ஒரு லைன்ல நிண்டனான். நிலத்தில ரேப் ஒட்டியிருந்தது. மேசையில விலை எழுதின பேப்பர். எனக்கு முன்னால நிண்ட பொடியன் கையில ஒரு சின்ன அல்பம், பாங்க் கார்ட் அளவுப் பொக்கெற்றுகளோட. இன்ஸ்டாக்ஸ் மினிப் படம் அந்த அளவுதான், 86க்கு 54 மில்லிமீற்றர். அதில முக்கால்வாசி நிரம்பியிருந்தது. என்ர முறை வந்தது. அந்தப் பிள்ளை பேர் கேட்டா. நான் முழுப்பேரையும் சொன்னன். முதலாம் வகுப்பில ரீச்சர் முதல் நாளே பாதியா வெட்டின பேர் அது. இவ திருப்பி ஒருக்கா சொல்லச் சொல்லிப்போட்டு கடகானாவில முழுசா எழுதினா. கடகானாவும் எங்கட உயிர்மெய் மாதிரித்தானே, மெய்யும் உயிரும் ஒரே எழுத்துக்குள்ள இருக்கும். 'வ'வுக்கு மட்டும் கொஞ்சம் யோசிச்சா. சரியாத்தான் வந்தது.

இதில தொழில்நுட்பம் எங்க எண்டு கேட்டா, அந்த ஒண்டரை நிமிசத்திலதான் இருக்கு. இன்ஸ்டாக்ஸ் படம் வெள்ளையாகத்தான் வெளியே வரும். உருவம் முழுதாகத் தெரிய ஏறக்குறைய 90 செக்கன் வேணும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வெள்ளைக் கார்டைப் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான், வேற ஒண்டும் செய்ய ஏலாது. அதாலதான் கதை வருது. ஃபோனில் எடுத்தால் படம் உடனே முடிஞ்சிடும், ஆளும் போயிடுவார். நாங்கள் இந்தப் பொட்காஸ்டில வருசக்கணக்கா லேட்டன்சியைக் குறைக்கிறதைப் பற்றித்தான் கதைக்கிறம். இங்க சனம் லேட்டன்சியைத்தான் காசு குடுத்து வாங்குது.

சரி, அம்மாமாரின்ர கேள்விக்கு வருவம். தெரியாத ஒராளோட படம் எடுக்க லைன்ல நிண்டு காசு குடுக்கிறது விசரோ?

கடைசியா நீங்கள் போன கலியாண வீட்டை நினைச்சுப் பாருங்கோ. டோர்ட்முண்டோ ஸ்டுட்கார்ட்டோ, எங்கயோ ஒரு இன்டஸ்ட்ரி ஏரியாவில ஹோல். ஐந்நூறு சனம். தாலி கட்டி முடிய, மேடைக்கு ஒரு லைன். கையில என்வலப். மாப்பிள்ளை ஆர் பொம்பிளை ஆர் எண்டு வடிவாத் தெரியாத நீங்களும் அதில நிக்கிறீங்கள், அப்பாவோட வேலை செய்யிற அண்ணையின்ர மகள் எண்டபடியா. மேடையில ஏறி, என்வலப்பைக் குடுத்து, "காங்கிராட்ஸ்" சொல்லி, வரிசையா நிண்டு, வீடியோ அண்ணை "இஞ்சால பாருங்கோ, சிரியுங்கோ" எண்டு சொல்லி, பதினைஞ்சு செக்கனில இறங்கி றோல்ஸ் சாப்பிடப் போறீங்கள். வீடியோ அண்ணைதான் எங்கட ஹகாஷி. செக்கி லைன்ல குறைஞ்சது விலையை எழுதி ஒட்டியிருக்கினம். என்வலப்புக்குள்ள எவ்வளவு வைக்கிறது எண்டு அம்மாவும் அப்பாவும் கார்ல சண்டை பிடிக்கத் தேவையில்லை.

வித்தியாசம் இல்லை எண்டு சொல்லேல்லை. என்வலப் காசு கொப்பியில பேரோட எழுதப்பட்டு, உங்கட வீட்டு விசேசத்துக்குத் திரும்பி வரும். ஐடலுக்குக் குடுத்தது திரும்பி வராது. ஒருபக்கமா மட்டும் போற அன்பு அது. ஆனா அதுவும் எங்களுக்குப் புதுசில்லை. 2017 மே மாதம் ரஜினிகாந்த் சென்னைக் கோடம்பாக்கத்தில ராகவேந்திரா கல்யாண மண்டபத்தில ரசிகர்களைச் சந்திச்சார். 15ஆம் திகதியில இருந்து 19 வரைக்கும், மாவட்டம் மாவட்டமா வரச்சொல்லி, ஒவ்வொராளோடயும் படம். ஒரு சதம் வாங்கேல்லை. டிசம்பரில திருப்பியும் செய்தார். அதின்ர கடைசி நாள், 31ஆம் திகதி, அரசியலுக்கு வாறன் எண்டு அறிவிச்சார். மூண்டு வருசம் கழிச்சு வரேல்லை எண்டும் அறிவிச்சார். இலவசப் படத்துக்கும் பின்னால ஒரு கணக்கு இருக்கலாம் எண்டுதான் சொல்ல வாறன். விலை தெரிஞ்ச படம் எனக்கு அதைவிட நிம்மதி. (அவற்ற 'முத்து' ஜப்பானில வெளியாகி ஓடோ ஓடெண்டு ஓடினதும் செக்கி வந்த அதே 1998இலதான். ஜப்பானியர் எங்கட ஆளுக்கு ரசிகரா இருக்கலாமெண்டா நாங்கள் அவையின்ர ஆளுக்கு இருக்கக்கூடாதோ?)

ஒரு இடத்தில நான் தங்கச்சியின்ர அம்மாவின்ர பக்கம். ஸ்டாம்ப் கார்ட் எண்டு ஒண்டு குடுப்பினம்: இத்தனை செக்கி எடுத்தா கூட நேரம் கதைக்கலாம், இன்னும் எடுத்தா இன்னொண்டு. இது ஃபோன் கேம்களில காச்சா எண்டு சொல்லி உங்களிட்டக் காசு பறிக்கிற அதே டிசைன். என்ர மச்சான் ஒருத்தன் அவுஸ்பில்டுங் செய்யேக்க ஒரு சனி ஞாயிறில திருப்பித் திருப்பி லைன்ல நிண்டு அரை மாதச் சம்பளத்தைக் குடுத்தான். அவனுக்கு அந்த நேரம் ஊரில ஒரு சிநேகிதரும் இல்லை. அது அந்த ஐடலின்ர பிழையுமில்லை, அவவுக்கு அதில எவ்வளவு போனதெண்டும் ஆருக்கும் தெரியாது. விலையை ஒட்டுற மேசையில, அதில எத்தினை வீதம் அந்தப் பிள்ளைக்கு எண்டும் ஒட்டலாம்.

இனிக் கமரா.

என்ர செக்கியைக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டினன். நக்கலடிப்பா எண்டு நினைச்சன். மனிசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கமும் திருப்பிப் பாத்துப்போட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டா: "இதின்ர நெகட்டிவ் ஆரிட்ட இருக்கு?"

அம்மாவின்ர காலத்தில யாழ்ப்பாணத்தில ஸ்டூடியோவில படம் எடுத்தா நெகட்டிவ் ஸ்டூடியோவில இருக்கும். படத்துக்குப் பின்னால ஒரு நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பரோட போனா வருசங்கள் கழிச்சும் இன்னொரு பிரதி போட்டுத் தருவினம். 1995 ஒக்டோபரில ஊரே இடம்பெயரேக்க அம்மாவின்ர வீட்டு அல்பமும் போச்சு, ஸ்டூடியோவும் போச்சு, நெகட்டிவும் போச்சு. அவவின்ர இருவது வயசுக்கு முந்தின படம் எங்களிட்ட இப்ப ஒண்டுதான் இருக்கு. ஆரின்ரயோ கலியாண வீட்டுக் குரூப் படத்தில இருந்து வெட்டி எடுத்த முகம்.

அதால, ஒரே ஒரு பிரதிதான் உள்ள படம் அழகு எண்டு சும்மா கவிதை கதைக்க எனக்கு ஏலாது. எங்கட வீடுகளில ஒரே பிரதி எண்டா தொலைஞ்சா போச்சு எண்டு அர்த்தம். நான் செக்கியை அண்டைக்கே ஸ்கான் பண்ணி வைச்சிட்டன். ஆனா அந்த ஸ்கான் என்னட்ட இருக்கு, நான் எடுத்தது. வேற ஆரிட்டயும் இல்லை. சாதாரண இன்ஸ்டாக்ஸில நெகட்டிவே கிடையாது. வெளிச்சம் பட்ட அதே ஃபில்ம்தான் கையில வாற படம். விழாக்காரரிட்ட ஒண்டும் மிஞ்சாது, ஐடலின்ர கொம்பனியிட்ட ஒண்டும் மிஞ்சாது.

ஆனா 2019இல் லிப்ளே எண்டு ஒரு இன்ஸ்டாக்ஸ் வந்தது, 2021 கடைசியில் மினி எவோ. பார்க்கப் பழைய கமரா மாதிரி. உள்ளே டிஜிட்டல். முதல் மெமரியில் ஒரு ஃபைலாக எடுத்து, பிறகு அதே மினி ஃபில்மில் பிரிண்ட் பண்ணும். கையில வாற கார்டைப் பாத்து லேசில வித்தியாசம் சொல்லேலாது. விழாக்காரருக்கு இது வசதி, கண் மூடின படத்தை விட்டிட்டு நல்லதை மட்டும் பிரிண்ட் பண்ணலாம், ஃபில்ம் வீணாகாது. ஆனா லைன்ல நிண்ட ஒவ்வொரு பொடியன்ர, பெட்டையின்ர முகமும் ஒரு மெமரி கார்டில அவையோட வீட்ட போகுது. அது ஆரிட்ட, எவ்வளவு காலம் எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை.

ஜேர்மனியில் இதுக்குப் பழைய சட்டம் இருக்கு. 1898 யூலை 30ஆம் திகதி பிஸ்மார்க் ஹம்பர்க்குக்குப் பக்கத்தில் ஃப்ரீட்ரிக்ஸ்ரூவில் செத்தார். அந்த இரவே இரண்டு ஃபோட்டோகிராபர்கள் களவாக அறைக்குள்ளே புகுந்து, கட்டிலில் கிடந்த உடலைப் படம் எடுத்து விக்கப் பார்த்தார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. ஒருவருடைய முகம் அவருக்குச் சொந்தம் என்று சொல்ல அப்போது நேரடியான சட்டம் இல்லை; அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்ததை வைத்துத்தான் தீர்ப்பு வந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1907இல் வந்தது குன்ஸ்ட்உர்ஹேபர்கெசெட்ஸ். அதின்ர 22ஆம் பிரிவு: ஒருவருடைய படத்தை அவருடைய சம்மதத்தோடு மட்டும்தான் பரப்பலாம். அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கு. படத்துக்கு நிற்க அவர் காசு வாங்கியிருந்தால், சந்தேகம் வரும் இடத்தில் சம்மதம் தந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

யோசிச்சுப் பாத்தா செக்கி மேசையில காசு வாங்கினது அவ. நீங்கள் காசு குடுத்தனீங்கள். அதால அந்த வரியை வைச்சு உங்கட முகத்துக்கு நீங்கள் சம்மதம் தந்ததா எடுக்கேலாது. ஃபைல் ஒண்டு இருந்தா, ஐரோப்பிய டாட்டன்ஷுட்ஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி என்ன வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேக்கலாம், 17ஆம் பிரிவின்படி அழிக்கச் சொல்லலாம். ஆனா ஃபைல் இருக்கெண்டு தெரிஞ்சாத்தானே கேக்கிறது. அம்மாவின்ர படத்துக்குப் பின்னால ஒரு நம்பராவது இருந்தது.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுது எண்டா, செக்கியால இல்லை. எங்கட ஹோல்களால.

எங்கட சொந்தத்தில ஒரு பிள்ளை. 13 வயசில சாமத்திய வீடு செய்தவை. மேடை, பல்லக்கு, டிரோன், எல்லாம். வீடியோ எடுத்த ஆக்கள் தங்கட விளம்பரத்துக்கு அதில ஒரு துண்டை, பிள்ளையின்ர பேரோட, யூடியூபில போட்டிட்டினம். அவவை ஒருத்தரும் கேக்கேல்லை. தாய் தேப்பனையும் கேக்கேல்லை; வடிவா இருக்கு எண்டு அவையும் லைக் போட்டிட்டு விட்டிட்டினம். இப்ப அவவுக்கு 17. போன வருசம் வகுப்பில ஆரோ அவவின்ர பேரைத் தேடி அதைக் கண்டுபிடிச்சு, இது என்ன விழா எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டிருக்கினம். அவ என்ன சொல்லுறது? எடுக்கச் சொல்லி எழுதினன், ரெண்டு மாசம் பதில் இல்லை. பிறகு 22ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஜேர்மனில ஒரு கடிதம் போட்டாப் பிறகுதான் எடுத்தினம். அதுக்குள்ள வேற சனல்களில ஏறிட்டுது.

ஜேர்மனியில சின்னப் பிள்ளையின்ர படத்துக்குத் தாய் தேப்பனின்ர சம்மதம் வேணும். விளங்கக்கூடிய வயசு வந்திட்டா, பொதுவா 14 எண்டு பாக்கிறவை, பிள்ளையின்ர சம்மதமும் சேத்து வேணும். இது எங்கட வீடியோ அண்ணைமாருக்குத் தெரியாத சட்டமில்லை. ஆரும் கேக்கிறேல்லை எண்டுதான் தெரியும். ஒரு நிலத்தடி ஐடல் மேசையில நிக்கேக்க ஒரு கார்ட், ஒரு கையெழுத்து, ஒண்டரை நிமிசம் எண்டு எல்லை இருக்கு. அந்த எல்லை எங்கட 13 வயசுப் பிள்ளைக்கு எங்கட ஹோலுக்குள்ள இல்லை. ஆர் விசர் எண்டு அம்மாமாரோட கதைக்க வெளிக்கிட்டா நான் இங்க இருந்துதான் தொடங்குவன்.

அடுத்த விசேசத்துக்கு ஸ்டூடியோ பிடிக்கேக்க அந்த ஜேர்மன் ஒப்பந்தத்தைப் பெத்தவைக்கு வாசிச்சுச் சொல்லப்போறது நீங்கள்தான். அதில 'விளம்பரத்துக்குப் பாவிக்கலாம்' எண்டு ஒரு வரி இருந்தா வெட்டுங்கோ. ஒப்பந்தமே இல்லையெண்டா ஒரு வட்ஸ்அப் மெசேஜ் எண்டாலும் எழுதி வாங்குங்கோ. 'ஃபைல் எல்லாம் எங்களிட்டத் தாங்கோ, நாங்கள் கேக்காம ஒண்டும் ஏத்தாதேங்கோ.' வீடியோ அண்ணைக்குக் கோவம் வரும். வரட்டும்.

தங்கச்சி, இனி உங்கட செக்கி. போன எபிசோடோட இதுக்குச் சம்பந்தம் இருக்கு எண்டு பிறகுதான் விளங்கினது. இப்ப ஃபோன்ல உள்ள எந்தப் படத்தையும் இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர் ஒண்டால அதே ஃபில்மில அடிக்கலாம், ஏஐ செய்த படத்தையும். கார்ட் கையில இருக்கு எண்டதுக்காக நீங்கள் அவவைச் சந்திச்சதுக்கு அது சாட்சி எண்டு இனி ஆரும் நம்பத் தேவையில்லை. அதில அவ எழுதின உங்கட பேரை அம்மாவுக்குக் காட்டுங்கோ. வெயில் படாத இடத்தில வையுங்கோ, இந்த ஃபில்ம் வெளிச்சத்தில மங்கும். வீட்டிலயே ஒரு ஸ்கானும் எடுத்து வையுங்கோ.

கமராவின்ர பேர் ஞாபகம் இல்லையெண்டா பரவாயில்லை. பின்பக்கத்தில சின்ன ஸ்கிரீன் ஒண்டு இருந்ததோ, படம் வெளியில வர முதல் ஆரும் அதைப் பாத்தவையோ? இருந்ததெண்டா எழுதுங்கோ, விழாக்காரருக்கு அனுப்ப ஒரு கடிதம் என்னட்ட ரெடியா இருக்கு.